மலை ஏறும் வாட்

புரட்டாசி திருப்பதிப் பாதயாத்திரையில் முன்னால் ஊர்ந்துபோகும் என் காரில்தான் பஜனைப் பாட்டு ஒலிக்கும். போன வருடம் பாகாலா தாண்டுமுன்பே ஆம்ப்ளிஃபயர் சூடாகி ஊமையானது. பாட்டு நின்றதும் கடைசியில் நடந்த பெண்கள் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டியில் இரண்டாயிரம் வாட் என்றுதான் போட்டிருந்தது.

இந்த முறை சித்தூர் கடையில் விசாரித்தேன். அந்த இரண்டாயிரம் ஒரு நொடி மட்டும் எட்டும் உச்ச சக்தியாம். விடாமல் தருவது ஆர்எம்எஸ் என்று சின்ன எழுத்தில் இருக்குமாம். மலைப்படியில் முதலில் ஓடுகிறவனும் கடைசிவரை ஏறுகிறவனும் ஒன்றா? ஆர்எம்எஸ் நூறு வாட் என்றிருந்ததை வாங்கினேன்.

"ரெண்டாயிரத்த உட்டுட்டு நூறா? கொசு கூட பயப்படாது மாமா!" என்று மச்சான் வழியெல்லாம் சிரித்தான்.

சந்திரகிரி வந்தும் பாட்டு பிசிறவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து, என் மனைவி நடந்த இடத்திலிருந்து, "கோவிந்தா!" என்று பதில் முழங்கியது. மச்சான் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மாமா, கடைசி வரைக்கும் கேக்குது! அக்கா பாடிக்கினே வருது!"

கண் கலங்கக் கைகூப்பினேன். இப்போதெல்லாம் பெருமாளிடம் நான் கேட்பதும் விடாமல் நடக்கிற அந்தச் சக்தியைத்தான்.