பாதி டப்பா நுரை

குவைத்திலிருந்து நைனா இரண்டு மாத லீவில் வந்தபோது எனக்கு ஏழு வயது. மூன்று வருஷமாகப் போட்டோவில் மட்டும் பார்த்த ஆள். கொடுத்த சாக்லேட்டை வாங்கிக்கொள்வேன், பேச மட்டும் மாட்டேன். "என்னா திமிரு பாரு உம் பொண்ணுக்கு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் விஜயபுரம் ஏரியில் விரால் பிடிக்க என்னையும் கூட்டிப்போனார். உயிருள்ள தவளையை எடுத்துத் தூண்டில் முள்ளில் குத்தப்போனார். "ஐயோ நைனா, வேணாம்!" என்று ஏரிக்கரை அதிரக் கத்தினேன். நான் அவரிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். மனுஷன் தவளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

குவைத்தில் அவருக்குக் கதவு ஜன்னல் மாட்டுகிற வேலை. மறுநாளே திருச்சானூரில் லாட்ஜ் கட்டுமிடத்தில் வேலை செய்த கூட்டாளியிடம் போய் ஒரு டப்பா வாங்கி வந்தார். கதவுக்கும் சுவருக்கும் நடுவே சந்து அடைக்கிற நுரை. "பொய்த் தவளை செஞ்சிட்டாப் போச்சி" என்றார்.

அம்மாவின் குழிக்கரண்டி இரண்டில் எண்ணெய் தடவி, நடுவே முள்ளை வைத்து, நுரை அடித்து, வாய்க்கு வாய் சேர்த்துக் கட்டினோம். பாதிக் கரண்டிதான் அடிக்கணும் என்று அவர் சொல்லச் சொல்ல, நான்தான் "இன்னும், இன்னும்" என்றேன். அப்பப்பா, என்னமாய் உப்பியது! கரண்டிகளைத் தள்ளிக்கொண்டு வழிந்து அப்படியே இறுகிவிட்டது. அம்மா திட்டிய திட்டு நகரி வரைக்கும் கேட்டிருக்கும்.

இரண்டாவது சரியாக வந்தது. பிளேடால் செதுக்கி, பச்சை நெயில் பாலிஷ் பூசி, அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டைக் கண்ணாக ஒட்டினோம். விரால் ஏமாறவில்லை, எங்கள் ஊர்க் காக்கை ஏமாந்தது. "டப்பா தீர்ற வரைக்கும் செஞ்சிக்கினே இருப்பேன், வுட மாட்டேன்" என்றார் நைனா.

அதை நான் அப்படியே நம்பினேன். வெள்ளிக்கிழமை டிக்கெட் என்று அம்மா அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது. டப்பா தீர்ந்தால்தானே போவார்? பாதி டப்பாவை வேர்க்கடலை மூட்டைக்குள் புதைத்தேன். நைனா வீடெல்லாம் தேடினார். நான் பார்க்கவேயில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டியேவிட்டார். டப்பாவைத் தோண்டி எடுத்துக்கொண்டு அழுதபடி ஓடினேன். "இன்னும் பாதி இருக்குது நைனா, போவாத!"

வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். வெகுநேரம் குலுக்கினார். "ஆமாம்மா, பாதி இருக்குது. பத்திரமா வெச்சிரு, நைனா வந்து செய்றேன்."

அதற்குப் பிறகு வந்த மூன்று லீவிலும் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் டப்பாவை நீட்டினேன். குலுக்கிப் பார்த்து அதையே சொல்வார். ஆனால் செய்ய மாட்டார். அடுத்த வாட்டி, அடுத்த வாட்டி என்பார். சரியான சோம்பேறி என்று எனக்கு அப்படியொரு கோபம்.

போன மாதம் என் திருப்பதி வீட்டில் ஜன்னல் மாட்டியவர் நுரை டப்பாவைக் குப்பையில் எறிந்தார். பாதி இருக்கிறதே என்றேன்.

"தொறந்துட்டா நாலு நாளுதாங்க மேடம். அப்புறம் உள்ளயே இறுகிப்போவும்."

இருபது வருஷம் கதவு மாட்டிய நைனா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தேன்.

"அத எடுத்து வெய்யிம்மா" என்றார். "பாதி இருக்குது."