எதிர் மில்லுக்கு நான் காட்டிய ஆசீர்வாதம்

போன வருடத்துக்கு முந்திய வருடம், தவக்காலம் தொடங்கிய வாரம். இடம் கொழும்பு கொட்டாஞ்சேனை, என் கடை இருக்கிற ஒழுங்கை, அதாவது சின்னச் சந்து.

என்னைத் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணமோ செத்தவீடோ எது நடந்தாலும் சனம் உட்காரக் கதிரை வாடகைக்குப் போவது என் கடையிலிருந்துதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வேறொருவருடைய கதிரைகளைத் தலையில் சுமந்து மண்டபம் மண்டபமாக இறக்கியவன். இன்று லொறி என்னுடையது, கதிரை என்னுடையது, கதிரைக்குப் போடுகிற வெள்ளைச் சீலையும் என்னுடையது. பட்டம் படித்த பிள்ளைகள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

அந்த வெள்ளைச் சீலைகளில்தான் வினை தொடங்கியது. அவற்றைச் சலவை செய்து கடைக்கு முன்னால் கம்பி கட்டிக் காயப் போடுவோம். எதிரே, ஒழுங்கையின் மறு பக்கத்தில், மிளகாய் அரைக்கிற மில். முதலாளி எங்கள் தமிழ் ஆள்தான், சைவக்காரர். கீழே மில், மேலே வீடு. அவர் மில்லின் காற்றாடியைப் போட்டால் மிளகாய்த் தூள் நேரே என் சீலைகளில் வந்து குந்தும். கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும்.

ஒரு கலியாணத்தில் அது நன்றாகவே தெரிந்தது. சீலை போட்ட கதிரையில் உட்கார்ந்த சனம் வரிசை வரிசையாகத் தும்மியது. கேக் வெட்டக் குனிந்த மாப்பிள்ளை தும்மிய தும்மலில் மெழுகுதிரி அணைந்து போயிற்று. பெண்ணின் தகப்பன் அங்கிருந்தே எனக்கு ஃபோன் எடுத்தார். "அண்ணே, நீங்க கதிரை அனுப்பினீங்களா, கறித்தூள் அனுப்பினீங்களா?"

என் தொழிலில் ஒருவனும் என்னை அப்படிக் கேட்டதில்லை. மறுநாளே மாநகரசபைக்குப் போய் முறைப்பாடு கொடுத்தேன். அவர்கள் வந்து பார்த்து, தூள் மேலே போக உயரமான குழாய் போடும்வரை மில்லை மூடச் சொல்லிவிட்டார்கள். மில்காரருக்கு அது நல்ல வியாபாரக் காலம். அவர் என்னிடம் வந்து சண்டை பிடிக்கவில்லை. நேரே கோயிலுக்குப் போய், என் பெயரைச் சொல்லி, அம்மனுக்கு முன்னால் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

கொழும்பில் இது எல்லாச் சனமும் செய்கிற காரியம். நியாயம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறவன் எதிராளியின் பெயரைச் சொல்லித் தேங்காய் உடைத்துச் சாபம் போடுவான். எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் சிலரும் ஒளித்துப் போய் உடைப்பதை நான் கண்டிருக்கிறேன். செய்தியைத் தேத்தண்ணிக் கடையில் கேட்டு வந்த என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சிரித்தேன். தேங்காய்க்குப் பயந்திருந்தால் இன்னமும் வேறு ஆளுடைய கதிரையைத்தான் சுமந்துகொண்டிருப்பேன்.

அந்த ஞாயிறு பூசையில் ஃபாதர் சொன்ன பிரசங்கம் எனக்கென்றே சொன்னது போல இருந்தது. நேசிக்கிறவனுக்கு ஆசி சொல்ல யாராலும் முடியும், சபிக்கிறவனுக்கும் ஆசி சொல்லுங்கள் என்றுதான் ஆண்டவர் கேட்கிறார், இந்தத் தவக்காலத்தில் அதைச் செய்து பாருங்கள் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதென்ன பெரிய வேலை, நான் செய்து காட்டுகிறேன் என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் காலையிலேயே தொடங்கிவிட்டேன். கடைக் கதவைத் தூக்கியதும் முதல் வேலை அதுதான். வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, மில்லைப் பார்த்து வலது கையை உயர்த்தி, வாய்க்குள் செபம் சொல்லி, காற்றில் பெரிதாகச் சிலுவை வரைவேன். பிறகு எங்கள் மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தப் போத்தலைத் திறந்து அந்தப் பக்கமாகத் தெளிப்பேன். தண்ணீர் பாதி ரோட்டுக்குக்கூடப் போகாது. அதனால் என்ன, நோக்கம்தானே பெரிது.

மனைவிதான் கேட்டாள். "மனசுக்குள்ள சொன்னா ஆண்டவருக்குக் கேக்காதா?"

"அவருக்குக் கேக்கும். எதிர்ல இருக்கிறவன் பாக்க வேணுமே!"

பார்த்தார்கள். மில் வேலையாட்கள் பார்த்தார்கள், மேல் மாடி ஜன்னல் திரையை விலக்கி வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். சில நாளில் மில் வாசலில் எலுமிச்சங்காயும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. எனக்குப் போட்ட சாபத்துக்கு மேல் சாபம் போடுகிறான் என்று நினைத்தேன். விடுவேனா? இரண்டு கையையும் தூக்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் சாம்பிராணி போட்டார்கள். நான் தீர்த்தத்தை இன்னும் தாராளமாகத் தெளித்தேன். பிறகு நீற்றுப்பூசணிக்காயைச் சுற்றி ஒழுங்கை முனையில் போட்டு உடைத்தார்கள். நான் அந்த உடைந்த பூசணிக்காய்க்கும் சேர்த்துச் செபம் சொன்னேன். எவ்வளவு சாபம் போட்டாலும் நான் ஆசி சொல்லிக்கொண்டே இருப்பேன், யார் முதலில் களைக்கிறான் பார்ப்போம் என்ற ரோசம்.

இதற்கிடையில் குழாய் போட்டு மில் திரும்ப ஓடத் தொடங்கி, அதன் மோட்டார் எரிந்தது. மில்காரரின் மனைவி படியில் வழுக்கி முழங்காலில் அடிபட்டாள். இதெல்லாம் யாருக்கும் நடக்கிறதுதானே. நான் எதையும் எதோடும் முடிச்சுப் போடவில்லை.

பாஸ்கு, அதுதான் ஈஸ்டர், முடிந்த வாரத்தில் ஒரு மத்தியானம், அந்த அம்மா காலை இழுத்து இழுத்து ஒழுங்கையைக் கடந்து என் கடைக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றாள்.

"அண்ணே, நாங்க தோத்துட்டோம். நீங்க வெச்சத எடுத்துருங்க."

"என்னத்த எடுக்க?"

"தெனம் காலையில கை காட்டுறீங்க, தண்ணி தெளிக்கிறீங்க, வாய்க்குள்ள மந்திரம் சொல்றீங்க. ஒழுங்கையே பாக்குது. மோட்டார் போச்சு, என் காலு போச்சு, அதெல்லாம் கெடக்கட்டும். புள்ளைக்கு வைகாசில கல்யாணம் வெச்சிருக்கோம். எதிர்க்கடைக்காரர் சூனியம் வெச்சிருக்காருன்னு மாப்பிள்ளை வீடு வரைக்கும் போயிருச்சு. சூனியம் புடிச்ச வீட்டுப் பொண்ணு வேணாம்னு சொல்லப் போறாங்களாம். ஞாயித்துக்கிழமை வாராங்க. புள்ள ரெண்டு நாளா சோறு திங்கல."

நான் ஆசீர்வதித்தேன் என்று ஆண்டவருக்குக் கணக்குக் காட்டிக்கொண்டிருக்க, எதிர்வீட்டில் ஒரு பெண்பிள்ளையின் கலியாணம் உடையப் போகிறது!

"தங்கச்சி, அது சூனியம் இல்ல. ஆசீர்வாதம்."

பழுதான சாமானைப் புதிது என்று விற்கிறவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற என் மனைவி எனக்காகப் பேச வந்தாள். "மெய்தான் தங்கச்சி. இந்த மனுசனுக்குச் சூனியம் செய்யவெல்லாம் வராது. அதுக்குப் பொறுமை வேணும்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஆசீர்வாதம்னா ஏண்ணே, ஒரு நாளாவது மூஞ்சில சிரிப்பு இல்ல?" என்றாள்.

புறக்கோட்டை வியாபாரிகளிடமே பேரம் பேசி வென்றவன் நான். இந்த அம்மாவிடம் பேரம் பேசாமல் இறங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்கிறேன் என்று சொன்னேன்.

ஞாயிறு பின்னேரம் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். பழக்க தோசத்தில் தீர்த்தப் போத்தலையும் கையில் எடுத்திருந்தேன். மனைவி அதைப் பறித்து வைத்துக்கொண்டாள். "போத்தல் வேணாம். வெறுங்கையோட போங்க."

என் கடைக்கும் அந்த மில்லுக்கும் இடையில் ஒரு லொறி போகிற அகலம்தான். இத்தனை வருடத்தில் அதை நான் கடந்ததே இல்லை. மில்காரர் படி வாசலில் நின்றார். "என்ன, வீட்டுக்குள்ளயும் தெளிக்க வந்தீங்களா?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் வழி விடவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி, "வரட்டும் விடுங்க, நான்தான் வரச் சொன்னேன்" என்ற பிறகே நகர்ந்தார்.

மேலே மாப்பிள்ளை வீட்டார் வெள்ளவத்தையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகப் பேசுகிறவர் மாப்பிள்ளையின் பெரியம்மா, கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்து அம்மா. தேத்தண்ணியைத் தொடாமல் வைத்திருந்தார். அதிலேயே விசயம் விளங்கிவிட்டது.

"இவர்தானோ அந்த ஆள்?"

"ஓம், நான்தான் அந்த ஆள்" என்று நானே சொன்னேன். "நான் வேதக்காரன். எனக்குச் சூனியம் தெரியாது. இவங்களுக்காகச் செபம்தான் சொன்னேன்."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பிடியோ. அப்ப, காலமையில என்ன சொல்லுறனீங்கள்? அதை இஞ்ச சொல்லுங்கோ. நாங்களும் கேப்பம்."

நியாயமான கேள்விதான். ஆனால் நான் வாய்க்குள் சொல்லி வந்தது இதுதான்: ஆண்டவரே, இந்தக் கண் கெட்ட மனுசனை மன்னியும், யாரோடு மோதுகிறான் என்று இவனுக்கு விளங்கப்பண்ணும், இவனையும் ஆசீர்வதியும், என் சீலைகளையும் காப்பாற்றும். இதை அந்த மனுசனுடைய வீட்டில், அவன் மனைவிக்கும் மகளுக்கும் முன்னால், எப்படிச் சத்தமாகச் சொல்வது?

புதிதாகத்தான் செபம் சொல்ல வேண்டும் என்று விளங்கிவிட்டது. கண்ணை மூடினேன். சிலுவை அடையாளம் போட்டேன். எல்லாருக்கும் கேட்கத் தொடங்கினேன். "ஆண்டவரே, இந்த வீட்டை ஆசீர்வதியும். கலியாணம் முடிக்கப்போற இந்தப் பிள்ளை..."

அங்கே நின்றுபோனேன். பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடச் சட்டையோடு என் கடை வாசலைக் கடந்து கடந்தே வளர்ந்த பிள்ளை. தவக்காலம் முழுக்க இந்த வீட்டுக்கு ஆசி சொன்னதாக நினைத்தவன், அந்த வீட்டில் ஒருவர் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். தாயின் சேலைக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து, "மகள், உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லித் திரும்பத் தொடங்கினேன். அவள் போகிற வீட்டில் அவளைச் சொந்தப் பிள்ளையாக நடத்த வேண்டும் என்று கேட்டேன். மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டேன், பெரியம்மாவே சொன்னார். அதையும் சேர்த்தேன். பிறகு தாயிடம், "உங்களுக்கு என்ன கேக்கட்டும் தங்கச்சி?" என்றேன். முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அதையும் ஆண்டவரிடம் சொன்னேன்.

மில்காரர் ஜன்னலோடு நின்றார். "உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார். சரி என்று முடிக்கப் போனேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "புள்ள போன பொறகு இவ தனியா குந்தி அழாம இருக்கணும். அத வேணா கேளுங்க."

கேட்டேன். எனக்கும் கட்டிக்கொடுத்த மகள் இருக்கிறாள், கனடாவில். அவள் போன பிறகு என் மனைவி எங்கே குந்தி அழுவாள் என்று எனக்குத் தெரியும். அப்படிப் பொதுவாக ஒன்று எதிர்வீட்டுக்காரருக்கும் எனக்கும் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

ஆமென் சொல்லி முடித்தபோது பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "உது சூனியமெண்டால், எங்கட வீட்டுக்கும் ஒருக்கா வந்து வைச்சிட்டுப் போங்கோ" என்றார்.

முதலில் சிரித்தது அந்தப் பிள்ளைதான்.

மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த வகை ஆட்களும் இல்லை. ஆனால் வைகாசியில் வெள்ளவத்தை மண்டபத்துக்குக் கதிரை போனது என் கடையிலிருந்துதான். அன்று காலை லொறி வெளிக்கிடும்போது மில்காரர் கையில் தேங்காயோடு ஒழுங்கையைக் கடந்து வந்தார். என் டிரைவர் பயந்து பின்னால் போனான். அவர் தேங்காயை லொறியின் முன்பக்கத்தில் சுற்றிக் காட்டி, டயர் சில்லுக்கு முன்னால் ஓங்கி அடித்தார்.

"பயப்படாதீங்க. இது நல்லதுக்கு ஒடைக்கிறது."

"அப்ப பழசையும் சேத்து இதிலயே தீத்துடுங்க" என்றேன்.

"பழசா? அது சரியா ஒடையவே இல்லீங்க. ஒங்களுக்கு ஒண்ணுமே நடக்கலியே!"

"நடந்துச்சே. உங்க வீட்டுப் படியேற வேண்டி வந்துச்சே!"

இன்றும் மில் ஓடுகிறது, என் சீலைகளும் காய்கின்றன. குழாயையும் மீறிக் கொஞ்சம் தூள் வரும் என்பதால், காற்றாடியைப் போட முன்னம் அவர் ஜன்னலிலிருந்து "அண்ணே, சீலை!" என்று ஒரு சத்தம் போடுவார். நாங்கள் ஓடிப்போய் எடுத்துவிடுவோம். அவர் மகள் தாய் வீட்டுக்கு வந்தால் அவளும் என் கடைக்கு வந்து தலையைக் குனிந்து நிற்பாள். நெற்றியில் சிலுவை போட்டுவிடுவேன். அவள் திருநீற்றுக்குப் பக்கத்தில் என் சிலுவைக்கு இடம் எப்படியும் இருக்கும்.

படிக்காதவன்தான் நான், ஆனாலும் ஆசீர்வாதத்தைப் பற்றி யார் வந்து கேட்டாலும் ஒன்று சொல்வேன்: அந்த ஞாயிறுக்குப் பிறகு நான் ஒருவருக்கும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கை தூக்கியதில்லை, கடந்து போய்ப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் தூக்குகிறேன்.