ஆறு நோட்டும் ஒரு பேருந்தும்

நாடகம் போடுகிறவள் என்றால் கையில் ஒரு கட்டுத் தாள் இருக்கும் என்று நினைக்கிறார்கள். என் கையில் பனைவிசிறிதான் இருக்கும். காரைக்காலில் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளை வைத்துப் பிள்ளைகளுக்காக நாடகம் போடுகிறேன், ஒன்றைக்கூட எழுதியதில்லை. அவர்களைப் பேசவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பேன். பொய்யாகப் பேசினால் விசிறியால் தரையில் ஒரு தட்டு. மறுபடி முதலிலிருந்து. என் நாடகத்தில் கொட்டாவி விட்ட பிள்ளையை இதுவரை நான் பார்த்ததில்லை.

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கையெழுத்து மட்டும் பிரெஞ்சு எழுத்தில், வால் சுழித்து, ஒரே இழுப்பில் போடுவேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் வீட்டுக்காரர், தமக்குப் பின் பென்ஷன் தாளுக்கு வேண்டியிருக்கும் என்று பழக்கியது. அதைப் பார்க்கிறவர்கள் என்னைப் பெரிய படிப்பாளி என்று எண்ணிக்கொள்வார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

போன வருஷம் அது என் கழுத்தைப் பிடித்தது. பள்ளிகளில் நாடகம் போட அனுமதி கேட்டுக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தேன். முன்பிருந்த அதிகாரி ஒத்திகையைப் பார்த்தே அனுமதி தந்துவிடுவார். புதிதாக வந்த அம்மாள் மனுவிலிருந்த என் கையெழுத்தைப் பார்த்தார்.

"நாடகத்த எழுதிக் குடுங்கம்மா. படிச்சுப் பாக்காம எந்தப் பள்ளிக்கூடத்துலயும் போட முடியாதுங்க."

சரி என்று வந்துவிட்டேன். அனுமதி இல்லையென்றால் பிள்ளைகள் இரண்டு மாதம் பழகியதெல்லாம் வீண். அது அம்பகரத்தூர் சாலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டால் நிற்காமல் ஓடும் ஒரு பேருந்தின் கதை. நடிக்கிற ஆறு பேரையும் ஆளுக்கொரு நோட்டில் எழுதச் சொன்னேன். மறுநாள் நோட்டுகளோடு அவர்களையும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன்.

அம்மாள் புரட்டிப் பார்த்தார். "என்னங்கம்மா, ஆறும் ஆறு நாடகமா இருக்கு? இதுல கண்டக்டர் நல்லவரு. இதுல டிரைவர் அழுவுறாரு. இதுல கதவு மட்டுந்தான் பேசுது!"

"நான்தான் மேடம் கதவு" என்றாள் ஒருத்தி.

"கதவு பேசாதுடி. கீச்சுன்னு கத்தும், அவ்ளோதான்" என்றான் டிரைவர்.

"நீ மட்டும்? வாயாலதானே ஹாரன் அடிக்கிற!"

அம்மாள் சிரிக்கவில்லை. வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "நீங்க படிச்சவங்க. இங்கயே உக்காந்து ஒண்ணாச் சேத்து எழுதிக் குடுத்துடுங்க."

மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லியிருக்கலாம். பல இடங்களில் அப்படிச் சொல்லித் தப்பியிருக்கிறேன். பிள்ளைகள் ஆறு பேரும் என் வாயையே பார்த்தார்கள். விசிறி மடியில் கிடந்தது.

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தாங்க வரும்" என்றேன். "இவ்வளவெல்லாம் எழுத வராது. நாடகத்தப் பாக்கணும்னா இப்பவே காட்டுறோம்."

அம்மாள் பதில் சொல்லுமுன் மேசைகளுக்கு நடுவே பேருந்து கிளம்பிவிட்டது. கதவு கீச்சென்றது. வாசலில் மனுவோடு நின்றவர்கள், "ஏய், நிறுத்துப்பா!" என்று கத்தினார்கள். குறிப்பெடுக்கத் திறந்து வைத்த இன்னொரு பேனாவை அம்மாள் கடைசிவரை தொடவில்லை.

முடிந்ததும் அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டு, நானும் போட என்னிடம் நீட்டினார். சுழிக்கப் போன கையை நிறுத்தி, என் பெயரைத் தமிழில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். நேரம் ஆயிற்று. அம்மாள் காத்திருந்தார்.

"அத்தே, கோணலாப் போவுது" என்றாள் தோளுக்குப் பின்னாலிருந்து கதவு.

"கதவு பேசாது" என்றேன்.