கழித்தல் குறியை விழுங்கிய மென்பொருள்

அண்ணிக்குக் கணக்கு வராது. பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை அதில் கோட்டை விட்டவர். இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் இருக்காது. "எனக்குக் கணக்கு தெரியாது. கணக்குல தப்பு இருந்தா தெரியும்" என்பார். கணக்குப் புத்தகங்களும் கேள்வித்தாள்களும் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில், பதினோரு வருடம் சமன்பாடுகளை மட்டுமே தட்டச்சு செய்தவர் அவர். அதே மாடியில், அவருக்கு இரண்டு மேசை தள்ளி, நான் பிழை திருத்துபவள். என் அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டு வந்த மறு வருடம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. "பொண்ணு மெதுவாத்தான் படிப்பா, ஆனா படிப்பா" என்று முதலாளியிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். அண்ணியிடம் கிடைக்கக்கூடிய சிபாரிசு அவ்வளவுதான்.

அண்ணி யாரையும் மதிக்க மாட்டார் என்று அச்சகத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய் என்று சொல்ல மாட்டேன். பாடநூல் எழுதும் பேராசிரியர் கையெழுத்துப் பிரதியோடு படியேறி வந்தால், முதலாளியே எழுந்து நிற்பார். அண்ணி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பின்னத்துக்கு நடுவுல போடற கோடு படுத்துதான் சார் இருக்கணும், மாடிப்படி ஏறக் கூடாது" என்பார். கீழ்த்தளத்து அச்சு இயந்திரக்காரருக்கு ஒரு பழைய நகைச்சுவை இருந்தது. வர்க்கமூலம் நிறைந்த பக்கங்களை வாங்கும்போதெல்லாம், "அக்கா, இன்னைக்கு எத்தனை மூலம்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். ஒருநாள் அண்ணி தலையைத் தூக்காமல், "பதினாறு. உனக்கு இருக்கறதைச் சேர்த்தா பதினேழு" என்றார். அத்தோடு அந்த நகைச்சுவை ஓய்ந்தது.

அண்ணியின் மேசையில் இருந்த கணினிதான் அச்சகத்திலேயே கிழடு. வெள்ளையாக வந்த பெட்டி, கவனிக்காமல் விட்ட பல்லைப்போல மஞ்சளாகியிருந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே யாரோ சரளைக்கல்லைக் கொட்டுவதுபோலச் சத்தம் கேட்கும். திரையில் எழுத்து வருவதற்குள் அண்ணி கண்ணாடியைத் துடைத்து, தண்ணீர் குடித்து, முந்தின நாள் தாள்களை அடுக்கி முடித்துவிடுவார். அதையும் அவர் மதிக்கவில்லை. ஆனால் அதன் குணம் அவருக்கு அத்துப்படி.

முதலாளியின் மருமகன் அச்சகத்துக்குள் காலடி வைத்த பிறகுதான் வினை பிடித்தது. அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றே அழைத்தோம். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் முறுக்குக் குறையாத மாப்பிள்ளை. ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு, பளபளவென்று ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். சமன்பாடு போடுவதற்கென்றே வந்த புது மென்பொருளாம். கூடவே கணினி பழுது பார்க்கிற ஒருவரையும் கூட்டி வந்தார். எது கேட்டாலும் "அப்டேட் பண்ணா சரியாயிடும்" என்பதால், அவருக்கு அப்டேட் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

முதலாளி எதிலும் கொஞ்சம் தயங்குகிறவர். "ஒரு வாரம் எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டு சொல்லும்மா" என்று அண்ணியிடம் விட்டார். அண்ணி ஒரே பக்கத்தை எடுத்துக்கொண்டார். அடுக்குப் பின்னங்கள், மூலங்கள், ஓர் அணிக்கோவை எல்லாம் இருந்த, பேராசிரியரின் படுமோசமான பக்கம் அது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று விதமாகவும் போட்டார்.

முதலாவது, நாங்கள் வழக்கமாகத் தட்டச்சு செய்யும் மென்பொருளோடு சேர்ந்தே வந்த பழைய எடிட்டர். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு குட்டி ஜன்னல் திறக்கும். ஒரு பக்கத்தில் இருபது சமன்பாடு தாண்டினால் கணினி அப்படியே உறைந்துவிடும். ஐந்துக்கு ஒருமுறை சேமித்தால் தப்பிக்கலாம். ஐம்பது நிமிடம் பிடித்தது. இரண்டாவது, கறுப்புத் திரையில் எல்லாவற்றையும் சொல்லாகவே எழுதும் வகை. பின்னத்துக்கு ஒரு சொல், மூலத்துக்கு ஒரு சொல், இரண்டு பக்கமும் வளைந்த அடைப்புக்குறி. தாளில் வரும்வரை சமன்பாடு எப்படி இருக்கிறது என்று கண்ணில் தெரியாது. ஓர் அடைப்பை மூட மறந்தால் பக்கமே வராது. ஆனால் எந்த வரியில் தவறு என்று சொல்லிவிடும். நாலு நாள் பழகிய பிறகு முப்பத்தைந்து நிமிடம். "இது ஒண்ணுதான் தப்பு எங்கன்னு சொல்லுது. என்ன, மாமியார் மாதிரி சொல்லுது" என்றார்.

மூன்றாவது, மாப்பிள்ளையின் அட்டைப்பெட்டி. திரை முழுக்க வண்ண வண்ணப் படங்கள். ஒன்றை அழுத்தினால் மணல் கடிகாரம் வந்து நிற்கும். அண்ணியின் கணினிக்கு நினைவகம் போதவில்லை என்று சொல்லி, அப்டேட் என் கணினியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி அதில் செருகினார். அப்போதும் இரண்டேகால் மணி நேரம். நடுவில் இரண்டு முறை கணினி செத்துப் பிழைத்தது.

இதையெல்லாம் அண்ணி பென்சிலால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை அதை விசிறியைப்போலப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கறுப்புத் திரையெல்லாம் யாராவது பாத்தா சிரிப்பாங்க. புதுசையே வச்சுக்கலாம். பாக்க நல்லா இருக்கு."

"சட்டை எடுக்கற மாதிரி மென்பொருள் எடுக்கறாரு" என்றார் அண்ணி என்னிடம். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு நாற்பத்திரண்டு பள்ளிகளுக்கு நாங்கள்தான் கணக்குக் கேள்வித்தாள் போட்டோம். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு புது மென்பொருளில் அடித்து முடித்தார். மாடியில் இருந்த சின்னப் பிரிண்டரில் எடுத்த தாளை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் இரண்டு முறை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கோப்பு கீழ்த்தளத்துக் கணினிக்குப் போய், அங்கிருந்து அச்சுக்குப் போனது.

தேர்வு நாள் காலை பத்தேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். ஒரு பள்ளியின் தலைமையாசிரியை பேசினார்.

"எக்ஸ் ஸ்கொயர், பக்கத்துல ஒன்பது, ஈக்வல் டு ஜீரோன்னு இருக்கு. நடுவுல என்னங்க இருக்கணும்? பாதிப் பிள்ளைங்க கூட்டிட்டிருக்காங்க, மீதிப் பேர் பெருக்கிட்டிருக்காங்க."

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். "கழித்தல்ங்க" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கங்களையும் புரட்டினேன். நான்கு பக்கத்திலும் ஒரு கழித்தல் குறிகூட இல்லை. அது இருந்த இடமெல்லாம் வெறும் சந்தாக இருந்தது.

பதினோரு மணிக்குள் எல்லோரையும் முதலாளி அறையில் கூட்டினார் மாப்பிள்ளை. அப்டேட் சுவரோரம் நின்றுகொண்டு, "சாஃப்ட்வேர் தப்பு பண்ணாது சார். டைப் பண்றவங்க கவனமா இருக்கணும்" என்றார். மாப்பிள்ளை மண்டையை ஆட்டினார்.

அண்ணி என் கையெழுத்துப் போட்ட தாளை மேசையில் வைத்தார். "மேல எடுத்த தாள்ல எல்லாம் இருக்கே. இது எப்படி?"

"அது பிரிண்டர் வித்தியாசமா இருக்கும்" என்றார் அப்டேட்.

"கூட்டலை விட்டுட்டு கழித்தலை மட்டும் பிடிக்கலைன்னுச்சா உங்க பிரிண்டரு?"

யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் அண்ணி கீழே இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். அதே கோப்பைக் கீழ்க்கணினியில் திறந்தார். திரையிலேயே கழித்தல் இல்லை. அதே ஃப்ளாப்பியை மாடிக்குக் கொண்டுபோய்த் திறந்தார். இருந்தது. அங்கேயே வெறும் குறிகளாக ஒரு வரி அடித்து, மறுபடியும் கீழே கொண்டுவந்து தாளில் எடுத்தார். கூட்டல் வந்தது. சமம் வந்தது. கழித்தல் மட்டும் வரவில்லை. பிறகு இரண்டு கணினிகளிலும் இருந்த எழுத்துருப் பட்டியலை எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேலே இருந்த ஒன்று கீழே இல்லை.

விஷயம் இதுதான். அந்தப் புது மென்பொருள் கூட்டலையும் சமத்தையும் சாதாரண எழுத்துருவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நீளமான கழித்தல் குறிக்கு மட்டும் தன் சொந்த எழுத்துருவைத் தேடுகிறது. அது அந்தக் கணினியில் இல்லையென்றால், இல்லை என்றுகூடச் சொல்லாமல் இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறது.

"இந்த எழுத்துருவைக் கீழ ஏன் போடலை?" என்று அப்டேட்டைக் கேட்டார் அண்ணி.

"கீழ யாரும் டைப் பண்ண மாட்டாங்களே."

அண்ணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாக்கடையில் விழுந்த செருப்பை எடுக்கலாமா விட்டுவிடலாமா என்று பார்ப்பார்களே, அப்படி. பிறகு எழுத்துருவை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து போட்டார். குறிகள் எல்லாம் வந்து உட்கார்ந்தன. அச்சு இயந்திரக்காரர் மட்டும் "அக்கான்னா அக்காதான்" என்றார். மாப்பிள்ளை, "சரியாயிடுச்சுல்ல, விடுங்க" என்று மாடியேறிப் போனார்.

அவர் விட்டது அன்று மாலை நாலு மணி வரைதான். பள்ளிகளுக்கு ஒரு வருத்தக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. மாப்பிள்ளை கையால் எழுதி, தட்டச்சுக்கு யாரிடம் கொடுத்தார் தெரியுமா? அண்ணியிடம். 'எங்கள் தட்டச்சரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை' என்று அதில் இருந்தது. இதைச் செய்வதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கெட்ட எண்ணம் என்றுகூடச் சொல்ல முடியாது. தட்டச்சர் என்று எழுதும்போது, எதிரில் உட்கார்ந்திருந்த ஆள் அவர் நினைவுக்கு வரவே இல்லை.

அண்ணி முகம் சுளிக்காமல் அடித்தார். கடிதம் திருத்தத்துக்கு என் மேசைக்கு வந்தது. படித்தேன். 'புதிய மென்பொருளின் எழுத்துருவை அச்சுக் கணினியில் நிறுவத் தவறியதால் கழித்தல் குறிகள் விடுபட்டன. தட்டச்சில் பிழை ஏதுமில்லை. காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்தவர் எங்கள் தட்டச்சரே' என்று இருந்தது.

அண்ணியைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிவப்புக் கோடும் போடாமல் மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். அவர் தொலைபேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே நாற்பத்திரண்டு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தத் தலைமையாசிரியை முதலாளியைக் கூப்பிட்டு, "இவ்வளவு நேர்மையா ஒரு கடிதம் நான் பாத்ததே இல்லைங்க. அந்தத் தட்டச்சர் அம்மாதான் எங்க ஆண்டுத்தேர்வுத் தாளையும் போடணும்" என்றார். முதலாளி கடிதத்தை வரவழைத்துப் படித்தார். மாப்பிள்ளை வெடித்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"நான் எழுதினது என்ன, நீங்க அடிச்சது என்ன?"

அண்ணி நாற்காலியைத் திருப்பினார். "நடந்ததை அடிச்சேன். நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருப்பீங்க?"

முதலாளி வாசலில் நின்றிருந்தார். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். படித்தேன் என்றாலும் மாட்டிக்கொள்வார், படிக்கவில்லை என்றாலும் மாட்டிக்கொள்வார். "அதெல்லாம் படிச்சேன்" என்று முனகிவிட்டுப் போனார். முதலாளி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவருடைய நியாயம் எப்போதும் அவ்வளவு தூரம்தான் வரும்.

அடுத்த வாரம் என் நினைவகம் என் கணினிக்குத் திரும்பியது. எந்த மென்பொருள் என்பதை அண்ணியே முடிவு செய்யலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அண்ணி கறுப்புத் திரையை எடுத்துக்கொண்டார். அதற்காக ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "மூணுல குறைச்சலா பொய் சொல்றது இதுதான்" என்பார். மாப்பிள்ளை பின்னாளில் குளியலறை ஓடு விற்கப் போய்விட்டதாகக் கேள்வி.

கடிதம் போன அன்று சாயங்காலம் நானும் அண்ணியும் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். நான் திருத்தாமல் விட்டது அண்ணிக்குப் பிடித்திருக்கும் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்தது. அவர் ஒரு தட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"மூணாவது வரியில ஒற்று விட்டுப்போச்சு. அவசரத்துல அடிச்சேன். நீ பாக்கலையா?"

"பாக்கலை அண்ணி. பயத்துல இருந்தேன்."

"நாற்பத்திரண்டு பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே போயிடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த தட்டை எடுத்தார்.