கை வச்சா அடங்குற இரைச்சல்

பேய்க் கதை சொல்றவங்க எல்லாரும் சத்தியம் பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. நான் சத்தியமெல்லாம் பண்ணல. நம்பாதவங்க ஒரு மத்தியானம் கிளம்பி வாங்க, என் அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வாசல் வரைக்கும்தான் நான் வருவேன். உள்ளே நீங்களே போய்க்கணும்.

என் தொழில் சவுண்டு சர்வீஸ். மைக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்னு எது கெட்டாலும் என்கிட்ட வரும். பாட்டுக்குப் பின்னாடி 'ஊம்ம்ம்…'னு ஒரு இரைச்சல் கேக்குமே, அதைத் தேடிப் பிடிச்சு ஒழிக்கிறதுல நான் கொஞ்சம் கில்லாடி. பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்"னு சொல்லிட்டு என் வேலையைப் பாக்கப் போயிடுவேன். அப்படி வாய் கிழியப் பேசினவன்தான் நான்.

அத்தான் போய் நாலு மாசம் ஆகியிருந்துச்சு. திடீர்னு நெஞ்சுவலி, அவ்வளவுதான். அக்கா தனி ஆளாயிட்டா. கல்யாணம் ஆகிப் பல வருஷமாச்சு, பிள்ளை இல்லை. எங்க வீட்டுல யாரும் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டோம். "எங்க வீட்டுக்கே வந்துடுக்கா"ன்னு நானும் கெஞ்சிப் பாத்தேன், மிரட்டியும் பாத்தேன். "இங்க எனக்கு வேலை இருக்குடா"ன்னு சொல்லி போனை வச்சுடுவா.

என்ன வேலை? போன்ல அவ குரலுக்குப் பின்னாடி எப்பவும் ஊம்ம்ம்… அத்தான் சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பழைய சாமான் கடையில ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கியிருந்தார். அக்கா அதைப் பாட்டே போடாம நாள் முழுக்க ஓட விட்டு வச்சிருந்தா. இந்தச் சத்தத்துலயே கிடந்தா நல்லா இருக்கிறவனுக்கே புத்தி கலங்கிடும். எனக்குப் பயமா இருந்துச்சு. அத்தானோட சேத்து அக்காவையும் பறிகொடுத்துடுவோமோன்னு பயம். டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

துரும்பா இளைச்சிருப்பான்னு நினைச்சுட்டுப் போனேன். கதவைத் திறந்தவ முகம் தெளிவா இருந்துச்சு. ஹால்ல இடுப்பு உயர ரேக். அதுல பிளேயரும் அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியும். அதுக்கு முன்னாடி ஒரு குட்டி முக்காலி.

பையைப் பாத்ததுமே அக்கா முகம் மாறிடுச்சு.

"அதைத் தொடாதே."

"ஏன்க்கா? ரெண்டு நிமிஷ வேலை."

"அந்த இரைச்சல் அப்பப்ப அடங்கும்டா. உங்க அத்தான் வந்து கை வைக்கிறார்."

பாவி, என்னென்ன நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா! சரி சரின்னு தலையாட்டினேன். எனக்குச் சமைக்க ஏதோ வாங்கணும்னு கடைக்குக் கிளம்பினா. போகும்போது வாசல்ல நின்னு திரும்பவும் சொன்னா, "தொடாதே, ஆமா."

மணி ரெண்டே கால். அவ தெருமுனை திரும்பினதும் நான் பெட்டிக்குப் பின்னாடி எட்டிப் பாத்தேன்.

விஷயம் சப்பை. பிளேயர்லேர்ந்து வர்ற எர்த் ஒயர் ஆம்ப்ளிஃபயர்ல மாட்டல, தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மாட்டலைன்னா இரைச்சல் வரும். நாம பெட்டியோட தகரத்தைத் தொட்டா, நம்ம உடம்பே எர்த் ஆகி இரைச்சல் அடங்கும். கையை எடுத்தா திரும்ப வரும். தன் கை பட்டு அடங்குறதைத்தான் அத்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கா அக்கா.

ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துச்சு. ஒயர் நுனியில டேப் சுத்தியிருந்துச்சு, ரொம்ப நேர்த்தியா. தானா கழண்ட ஒயருக்கு யாரு டேப் சுத்துவாங்க?

அப்புறம் பெட்டியோட கீழ் விளிம்பு. தூசியில நாலு தடம், சின்னச் சின்னதா. பல்லியா இருக்கும்னு விட்டுட்டேன். பல்லிக்கு அவ்வளவு தடிமனா விரல் இருக்காதுன்னு அப்ப எனக்குத் தோணல.

மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை சோதிச்சுப் பாக்கலாம்னு பெட்டி மேல கையை வச்சேன்.

இரைச்சல் அடங்குச்சு. எடுத்தேன், வந்துச்சு. திரும்ப வச்சேன், அடங்குச்சு. "பாத்தியா, இதான் பேய்"னு எனக்கு நானே சொல்லிச் சிரிச்சுக்கிட்டேன்.

கையை எடுத்தேன்.

இரைச்சல் வரல.

என் கை அந்தரத்துல இருக்கு. பெட்டியை நான் தொடல. ஆனா யாரோ தொட்டுக்கிட்டு இருக்காங்க…

ஃபேன் ஓடுது. தெருவுல ஏதோ வண்டி போகுது. நல்ல வெயில், ஜன்னல் திறந்திருக்கு. ஹால்ல என்னைத் தவிர யாரும் இல்லை.

ஊம்ம்ம்… இரைச்சல் வந்துச்சு.

அடங்குச்சு. வந்துச்சு. அடங்குச்சு.

நான் ரெண்டு தடவை கை வச்சேன் இல்லையா? அதே மாதிரி, அதே வேகத்துல, ரெண்டு தடவை.

அப்புறம் இரைச்சல் திரும்ப வந்து, விடாம கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இப்ப உன் முறைன்னு எனக்காகக் காத்திருக்கிற மாதிரி…

எர்த் ஒயரைப் பிடிச்சு இழுத்தேன். டேப்பைப் பல்லால கடிச்சுப் பிச்சேன். ஸ்க்ரூ வழுக்குது. எப்படியோ முறுக்கிட்டேன்.

சத்தம் செத்துப் போச்சு.

துளி இரைச்சல் இல்லை. அப்பாடான்னு மூச்சு விட்டேன்.

அப்பதான்… என் சட்டை நுனியை…

யாரோ பிடிச்சு இழுத்தாங்க.

லேசா.

கீழேர்ந்து.

வாசல்ல பை விழுந்த சத்தம். அக்கா நின்னா. அந்த அமைதியைக் கேட்டுட்டு நின்னா.

"என்னடா பண்ணே? பாவி, என்னடா பண்ணே?"

என்னைத் தள்ளிவிட்டா. நகத்தாலேயே ஸ்க்ரூவைத் திருகி ஒயரைப் பிடுங்கினா. நகம் பிஞ்சு ரத்தம் வந்துச்சு, அவ அதைப் பாக்கவே இல்லை. ஊம்ம்ம்…னு இரைச்சல் திரும்பி வந்துச்சு. அக்கா அந்த முக்காலி பக்கத்துல தரையில உக்காந்து கூப்பிட ஆரம்பிச்சா.

"வா… வந்துடு. ஒண்ணும் இல்லை, பயப்படாதே, வா…"

எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. அத்தானை அவ வாழ்நாள்ல ஒருமுறைகூட 'வா'ன்னு கூப்பிட்டது இல்லை. 'வாங்க'தான்.

ரொம்ப நேரம் ஆச்சு. இரைச்சல் நிக்கவே இல்லை. அக்கா உடம்பு குலுங்கக் குலுங்க அழுதா. செத்த வீட்டுல அழுததைவிட அதிகமா அழுதா. அதைப் பாத்து நானும் அழுதுட்டேன். ஒரு ஒயரை மாட்டினதுக்கு இவ்வளவு பெரிய பாவமா?

மூணு மணி சுமாருக்கு இரைச்சல் மெதுவா அடங்குச்சு.

அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. "போயிட்டு வா"ன்னு சொன்னா. அன்னைக்கு எனக்குச் சோறு போடல.

அதோட விட்டிருக்கணும். விடுவேனா? மறுநாளே அந்தப் பழைய சாமான் கடையைத் தேடிப் போனேன். கடைக்காரர் வயசானவர். பெட்டியோட அடையாளத்தைச் சொன்னதும் கையில இருந்த டீயைக் கீழே வச்சுட்டார்.

"அதுவா? மூணு தடவை திரும்பி வந்த பெட்டி தம்பி அது. எல்லாரும் இரைச்சல் வருதுன்னு கொண்டு வருவாங்க. இதை மட்டும், வர்ற இரைச்சல் திடீர் திடீர்னு நிக்குதுன்னு கொண்டு வந்தாங்க."

"முதல்ல யார் வீட்டுல இருந்துச்சு?"

"ஒரு வாத்தியார் வீட்டுல. அவருக்கு ஒரே பொண்ணு, ஆறு வயசு. அப்பா பாட்டுப் போட்டா பெட்டி மேல வச்ச கையை எடுக்காதாம். காய்ச்சல்ல போயிடுச்சு. நான் பெட்டியை எடுக்கப் போனப்ப படம் மாட்டியிருந்தாங்க. முன்பல் ரெண்டும் விழுந்து பொக்கை வாயா சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கே பல வருஷம் ஆச்சு."

கடை வாசல்லேர்ந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தா. பின்னாடி ஊம்ம்ம்…

"அக்கா, மனசைத் திடப்படுத்திக்கோ. அது அத்தான் இல்லை."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். உங்க அத்தான் கை அவ்வளவு சின்னதாவா இருக்கும்?"

"அப்புறம் ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சரி பண்ணிடுவே. அத்தான்னு சொன்னாலாவது நீ விட்டுடுவேன்னு பாத்தேன்."

போன்ல இரைச்சல் அடங்குச்சு, வந்துச்சு, அடங்குச்சு. ரெண்டு தடவை. அக்கா சிரிச்சா. அவ அப்படி வாய்விட்டுச் சிரிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு.

"நேத்துலேர்ந்து இதேதான். மாமா எப்ப வருவார், மாமா எப்ப வருவார்னு கேட்டு உயிரை எடுக்கிறா. நீதான்டா மாமா, வேற யாரு? ஒரு நாள் வந்துட்டுப் போ. உன்கிட்ட ஏதோ காட்டணுமாம்."

"என்னக்கா… என்ன காட்டணும்?"

"முன்பல் ரெண்டும் இப்பதான் முளைச்சு வருது."

நான் பல்லைப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லல.