பேனாவில் மட்டும் அடித்த குளிர்

அந்தத் தெருவில் டிகிரி அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். ஊர் எல்லையில் உள்ள வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருடமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு வெப்பநிலை அளவெடுப்பவள். போகிற வழியில் காய்கறிக்காரர் வம்புக்கு இழுப்பார்: "அக்கா, இன்னைக்கு மழை வருமா?" அவளும் சளைக்காமல், "வந்தா எழுதுவேன். வராததை எழுத எனக்குத் தெரியாது" என்பாள். சொல்லிவிட்டு நாலு எட்டு வைப்பதற்குள் முகம் வாடிவிடும்.

வேலை என்னவோ கால் மணி நேர வேலைதான். புல்தரையில் நான்கு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளை மரப்பெட்டி. காற்று போய்வரப் பக்கமெல்லாம் சாய்ந்த பட்டைகள். கதவைத் திறக்கும் முன் மூச்சை அடக்கிக்கொள்வாள். மூச்சுச்சூடு பட்டால் அளவு ஏறிவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். உள்ளே படுக்கைவசமாக ஒரு வெப்பமானி. முந்தைய இரவு எவ்வளவு குளிர்ந்தது என்பதை அதிலுள்ள ஒரு சின்னக் குச்சி காட்டிக்கொண்டு நிற்கும். அதைப் படித்து, சிறு நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். பிறகு அறைக்கு வந்து அதே எண்ணைப் பெரிய பதிவேட்டில் பேனாவால் எழுத வேண்டும். பதிவேடு தலைமை அலுவலகத்துக்குப் போகும். நோட்டைக் குப்பையில் போட்டாலும் கேட்பாரில்லை. அவள்தான் ஒன்றைக்கூட எறியாமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள்.

அதே எண்ணை எழுத வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் குச்சி பதினொன்றரை டிகிரியில் நின்றது. அவள் அப்படியே எழுதினாள். "இந்த மாதத்துக்கு இது அதிகம், பொருந்தவில்லை. கவனமாகப் படிக்கவும்" என்று தலைமை அலுவலகத்திலிருந்து சீட்டு வந்தது. வெப்பமானியை மாற்றிப் பார்த்தார்கள். புதியதும் அதையேதான் சொன்னது. மறுபடியும் சீட்டு. மூன்றாம் முறை அப்போதிருந்த மேலதிகாரி நேரிலேயே வந்து, நாலு பேர் முன்னால், "குச்சியோட எந்த முனையைப் படிக்கணும்னுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் கூனிக்குறுகிப் போனாள். மறுநாளும் குச்சி பதினொன்றரையில்தான் நின்றது. பேனா பத்தரை என்று எழுதியது. சீட்டு வரவில்லை. அதற்கப்புறம் எந்தக் குளிர்காலத்திலும் வரவில்லை, வரும்படி அவள் வைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் பென்சிலில் பொய் எழுத அவளுக்குக் கை வராது. பெட்டி முன்னால் மூச்சடக்கி நின்றவள் உள்ளதைத்தான் குறிப்பாள். மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தால்தான் புத்தி கெட்டுப்போகும்.

அவள் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. குளிர்காலக் கோட்டுக்குப் பேர்போன கை அவருடையது. குளிர் தொடங்கிவிட்டால் தலை சொறியக்கூட நேரமிருக்காது. அந்தக் கூட்டம் வருடாவருடம் தேய்ந்தது. பதினொரு வருடத்துக்கு முன் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"ஏம்மா, இப்பல்லாம் குளிர் குறைஞ்சிடுச்சா? கோட்டு தைக்க ஒருத்தரும் வரலையே."

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். பதிவேட்டில் இருப்பதைச் சொன்னாள். "அப்படியொண்ணும் இல்லைங்க. எப்பவும்போலத்தான் இருக்கு. நான்தானே எழுதறேன்."

அவர் நம்பினார். டிகிரி அக்காவை அவள் புருஷனே நம்பாமல் வேறு யார் நம்புவது? குளிரில் குறையில்லை என்றால் குறை தன் கையில்தான் என்று முடிவுகட்டிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை மாற்றினார். தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார். கடைசியில் கனத்த துணி தைக்கும் மிஷினை யாருக்கோ கொடுத்துவிட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று இறங்கிவிட்டார். யாராவது கோட்டு என்று வாயெடுத்தால், "வேணாங்க, எனக்குக் கை போயிடுச்சு" என்பார். அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கல்நெஞ்சு என்றுதான் சொல்ல வேண்டும். கல்லுக்குள் அவ்வளவு பயமும் இருந்தது.

பணி ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கையில், ஒரு குளிர்கால நாளில், தலைமை அலுவலகத்து ஆராய்ச்சிக்காரப் பெண் போன் செய்தாள்.

"மேடம், கண்டம் முழுக்க நானூறு நிலையத்தோட ஐம்பது வருஷ அளவைப் பருவம் பருவமாப் பிரிச்சுப் பார்த்தோம். எல்லா இடத்துலயும் சூடு ஏறியிருக்கு. அதுலயும் குளிர்காலம்தான் அதிகமா ஏறியிருக்கு. உங்க ஊர்ல மட்டும் குளிர்காலம் அசையவே இல்லை! அறிக்கையில உங்க நிலையத்தைப் பத்தித் தனியா எழுதப்போறோம். உங்க பேரும் வரும். நாளைக்கு நேர்ல வர்றேன்."

போனை வைத்துவிட்டு அலமாரியில் இருந்த நோட்டுகளைப் பார்த்தாள். வாயைத் திறக்காவிட்டால் பேரோடு வீட்டுக்குப் போகலாம். திறந்தால் முப்பத்தொரு வருடமும் மண்ணோடு மண்.

அன்று வீடு திரும்பியபோது கடையில் ஒருவர் கோட்டுத் துணியோடு நின்றிருந்தார். மகன் குளிர்தேசத்துக்குப் போகிறானாம். கணவர் அந்தத் துணியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் ஓரம் பிசகாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல துணிங்க. நான் கெடுத்துடுவேன். வேற ஆளைப் பாருங்க."

மறுநாள் காலை குச்சி பதினான்கில் நின்றது. பேனாவிலும் பதினான்கு என்றே எழுதினாள். ஆராய்ச்சிக்காரி வந்து உட்கார்ந்ததும் பத்தொன்பது வருடத்துப் பென்சில் நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"இதுதாம்மா அளவு. பதிவேட்டுல குளிர்காலத்துக்கு எழுதியிருக்கிறதெல்லாம் நான் பயந்து குறைச்சது."

அந்தப் பெண் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினாள். "உங்க ஊர்லயும் ஏறித்தான் இருக்கு" என்றாள். பிறகு, "மேடம், நான் இதை மேல சொல்லாம இருக்க முடியாது" என்றாள்.

"சொல்லுங்க. அதுக்குத்தான் எடுத்து வெச்சேன்."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். ஓடிக்கொண்டிருந்த மிஷின் சக்கரத்தை அவர் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அப்போ குளிர்தான் போச்சா? என் கை போகலையா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"நேத்து வந்தவர்கிட்ட அந்தத் துணியைக் கேட்டு வாங்கிட்டு வரேன்."

வாசல்வரை போனவர் திரும்பாமலே நின்றார். "ஆபீசுக்குப் பயந்து எழுதினே, சரி. எங்கிட்டயாவது பென்சில்ல இருந்ததைச் சொல்லியிருக்கலாமேம்மா."