அப்பா காட்டிய வண்டி

அந்த மோட்டார் சைக்கிள் பட்டாளம் ஏலத்தில் விட்டது. யுத்தத்தில் எங்கெங்கோ ஓடித் தேய்ந்து, இரண்டு பேர் கைமாறி, குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அதற்கு வயதாகியிருந்தது. நான் அப்போது அம்பூரிப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் எழுத்து வேலை பார்த்தேன். தினமும் மலையேறி இறங்க அந்த வண்டிதான். அதில் ஒரு ஆணி தளர்ந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அந்த வாய்க்கொழுப்புக்குப் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்ப் பக்கம் சேருமா, மலையாளப் பக்கமே நிற்குமா என்று டீக்கடையில் பேச்சு தொடங்கினால் கிளாஸ் உடையாமல் முடியாது. என் மனைவிக்கு ஊர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், விளவங்கோடு தாலுகா. அவளுடைய அண்ணன் போராட்டத்தில் இறங்கித் தலைமறைவாகிவிட்டான். நான் எந்தப் பக்கமும் இல்லை. வண்டிக்குப் பெட்ரோல் கிடைக்கிற பக்கம் எதுவோ, அது போதும் எனக்கு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. திருடன் பயம், கலவர பயம் எது வந்தாலும் நகையைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, அடுக்களையில் நிற்கும் தேங்காயெண்ணெய்ப் பரணி என்னும் பெரிய ஜாடிக்குள் போட்டுவிடுவார்கள். பொன்னை எண்ணெய் ஒன்றும் செய்யாது. வேண்டும்போது கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம். சுற்றுவட்டத்தில் எல்லா வீட்டிலும் இதே பரணி, இதே வழக்கம். ஆகவே அதை ரகசியம் என்று சொல்ல முடியாது.

ஒரு கடையடைப்பு நாளில் போலீஸ் ஜீப் எங்கள் வீட்டுக்கு வந்தது. கல்லெறி நடக்கும் என்று பயந்து வண்டியை வீட்டை ஒட்டிய சாய்ப்புக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, நான் மட்டும் நடந்தே ரோட்டு முக்குக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். வீட்டில் அப்பாவும் என் மனைவியும்தான். அம்மா முன்பே இறந்துபோயிருந்தாள். தேடி வந்தது மைத்துனனை. அவன் அச்சடித்த நோட்டீஸ்கள் எங்கள் வீட்டில் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஓடி வரும்போது ஜீப் போய்விட்டிருந்தது. பத்தாயம் கவிழ்ந்து கிடந்தது. முற்றமெல்லாம் நெல். எண்ணெய்ப் பரணியின் மூடி தனியாக உருண்டு கிடந்தது. சாய்ப்பில் வண்டியின் பின்சக்கரத்தில் சாய்ந்தபடி அப்பா உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. “அப்பா” என்றேன். அவர் தொண்டையிலிருந்து வெறும் சத்தம்தான் வந்தது. காலையில் என்னை “ஊர்சுத்தி” என்று திட்டிய அதே வாய்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் இருந்தோம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தினோம். காஞ்சிரங்குளத்தில் கட்டிக்கொடுத்த அக்கா பார்த்துக்கொள்ள வந்தாள். வந்த மறுநாளே அவள் கண் என் மனைவியின் கழுத்தில் விழுந்தது.

“மாலை எங்கட்டீ?”

கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் போட்ட தங்க மாலை. அம்மாவுடையது. என் மனைவி தயங்காமல் சொன்னாள்: “ஜீப்பு வருதுண்ணு கேட்டதும் கழத்தி மாமாக்க கையில குடுத்தேன். மாமா எங்கயோ கொண்டு வச்சாரு. எங்கண்ணு எனக்குத் தெரியாது.”

இரண்டு பேரும் பரணிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார்கள். இல்லை. பத்தாயம், பெட்டி, அப்பாவின் தலையணை எல்லாம் பார்த்தோம். எங்கும் இல்லை. அக்கா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், “எலே, அவளுக்க அண்ணன் செலவுக்கு என்ன செய்யுதான்? ஆரு குடுக்கா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு அந்தச் சுருக்கு கோபமாக மாறியது. எனக்கு எதுவும் கோபமாக மாற ஐந்து நிமிடம் போதும்.

கட்டிலருகே போய் நின்றோம். நான் குனிந்து கேட்டேன். “அப்பா, இவ மாலைய ஒங்க கையில குடுத்தாளா?”

அப்பாவின் தலை இடமும் வலமுமாக ஆடியது. இல்லை, இல்லை, இல்லை.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். “மாமா, சொல்லுங்க மாமா” என்றாள். அவர் இடது கையைச் சிரமப்பட்டுத் தூக்கினார். ஜன்னலுக்கு வெளியே, சாய்ப்பில் நின்ற வண்டியைக் காட்டினார். மறுபடி அவளைக் காட்டினார். மறுபடி வண்டியை.

“பாத்தியா?” என்றாள் அக்கா. “வண்டியில ஏத்தி அவளுக்க வீட்டுல கொண்டு விடச் சொல்லுதாரு.”

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு இதை எழுதும்போதும் கூசுகிறது. அப்பா அழுதார். அதையும் வெட்கத்தில் அழுகிறார் என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் காலையில் அவளைத் தகரப் பெட்டியோடு பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அப்பா விழுந்த பிறகு வண்டியை எடுப்பது அதுதான் முதல் தடவை. சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆயில் டேங்கைத் திறந்து பார்த்தேன். ஆயில் கழுத்து வரை கறுப்பாக நின்றது. கோபத்திலும் ஆயில் பார்க்க மறக்காதவன் நான். பாறசாலைச் சந்தையைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் எஞ்சின் சத்தம் மெலிந்தது, இறுகியது. என்னவென்று யோசிப்பதற்குள் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே நின்றது. விழாமலிருக்க அவள் என் தோளைப் பிடித்தாள். நின்றதும் கையை எடுத்துவிட்டாள்.

கிக்கரை மிதித்தேன். கல்லை மிதித்தது போல் இருந்தது. எஞ்சின் பிடித்துவிட்டது; உள்ளே பிஸ்டன் இறுகி அசையவில்லை.

“நான் நடந்துக்கிடுவேன்” என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு களியக்காவிளைப் பக்கம் நடந்தாள். நான் அவள் போவதைப் பார்க்காமல், எஞ்சின் எவ்வளவு சுடுகிறது என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்ட வண்டி ஐந்து மாதம் சாய்ப்பில் கிடந்தது. அப்பா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இடது கை அடிக்கடி எழும். “வண்டி ஓடலையேன்னு விசாரம்” என்று அக்கா சொல்வாள். கடைசியில் பாறசாலையில் லாரி பழுது பார்க்கும் மேஸ்திரியை வரவழைத்தேன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். எல்லை விஷயத்தில் மலையாளப் பக்கம் கொடி பிடிப்பவன். அரசியல் பேசக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். தினமும் இரண்டு நிமிடம் அதைக் காப்பாற்றினோம்.

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டான். பிறகு ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி, அரை நாள் போராடித்தான் சிலிண்டரை உருவினோம். பிஸ்டனின் ஒரு பக்கம் வழித்துவிட்டதுபோல் சிராய்ந்து, அலுமினியம் உருகி உள்சுவரில் அப்பியிருந்தது. அவன் அதை விரலால் தடவிப் பார்த்து, “எண்ணெ இல்லாம ஓடியதாக்கும்” என்றான்.

“கழுத்து வரை ஆயில் இருந்தது. நான் பார்த்தேன்” என்று குதித்தேன்.

“தொட்டியில உண்டு. எஞ்சினுக்கு வரத்தில்ல. ரெண்டும் வேறயாக்கும் மக்கா.”

சிலிண்டரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிக் கடைந்து வாங்கினோம். அதற்கேற்ற பெரிய பிஸ்டனுக்கு ஒரு மாதம் அலைந்தேன். அடித்தண்டின் பேரிங் தப்பியிருந்தது. எல்லாம் கோத்து முடித்தபின் ஸ்டார்ட் பண்ணலாம் என்று நான் துள்ளினேன். அவன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு நகர மறுத்தான்.

“காரணம் தெரியாம நான் உதைக்க மாட்டேன். இன்னொருக்க பிடிக்கும். பின்ன நீ என்னையாக்கும் குத்தம் பறையும்.”

ஆயில் டேங்கின் அடியிலிருந்த குழாயைக் கழற்றினான். டேங்க் நிறைய ஆயில் நிற்கிறது, குழாய் வாயில் ஒரு சொட்டு வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டேங்கைக் கழற்றி ஒரு சட்டியில் கவிழ்த்தோம். ஆயில் கொட்டிய பிறகும் உள்ளே ஏதோ தொம்மென்று புரண்டது. சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து உள்ளே விட்டு இழுத்தான்.

துணி முடிச்சு ஒன்று வந்தது.

வெற்றிலையை வேட்டி முனையில் முடிந்து வைக்க அப்பா போடும் முடிச்சு அது. ஒரு முனையை உள்ளே செருகி, மறுமுனையை இரண்டு சுற்றுச் சுற்றுவார். உலகத்தில் வேறு யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. அவிழ்க்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அவிழ்த்தேன். கறுத்த ஆயிலுக்குள்ளிருந்து அம்மாவின் மாலை வழுக்கிக்கொண்டு என் உள்ளங்கையில் விழுந்தது.

மேஸ்திரி ஏதோ கேட்டான், காதில் விழவில்லை. போலீஸ் முதலில் அடுக்களைப் பரணியைத்தான் திறக்கும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணெயில் போட்டால் பொன்னுக்குச் சேதமில்லை என்பதும் தெரியும். வீட்டில் இருந்த இன்னொரு எண்ணெய்ப் பாத்திரம் இந்த டேங்க். அதில் போட்டுவிட்டு, அங்கேயே விழுந்திருக்கிறார். அதைத்தான் ஜன்னல் வழியாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அவளை ஏற்றிக்கொண்டு போன அன்று, அவள் முழங்கால் இந்த டேங்கை ஒட்டித்தான் இருந்தது. திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு, மாலையை உரசிக்கொண்டே உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

அப்பாவிடம் ஓடினேன். ஆயில் சொட்டும் மாலையைப் பார்த்ததும் அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. “இதையா காட்டினீங்க?” என்றேன். தலை இடமும் வலமுமாக ஆடியது. இல்லை, இல்லை.

அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. கேட்கவே பயந்து, கேட்டேன். “அப்பா, நான் ஒங்க மகன்தானே?”

தலை அதேபோல் ஆடியது. இல்லை, இல்லை, இல்லை.

வாதம் வந்த கழுத்தின் நடுக்கம் அது. எதைக் கேட்டாலும் அப்படித்தான் ஆடும். ஆறேழு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும், வேறொரு கேள்வி கேட்டுப் பார்க்க எனக்கோ அக்காவுக்கோ தோன்றவில்லை. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டேன்.

அப்பா இடது கையை நீட்டினார். மாலையை வைத்தேன். விரல்கள் மூடிக்கொண்டன. அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டேன். என்னிடம் தரவில்லை. விரலைப் பிரிக்க முயன்றபோது என்னைப் பார்த்த பார்வையில் நான் கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் வெறுங்கையோடு கிளம்பினேன். டேங்கைக் கழுவிப் புது ஆயில் ஊற்றியதும், முதல் உதையிலேயே வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. “புது பிஸ்டனாக்கும். இருபதுக்கு மேல போவப்படாது, கேட்டியா” என்று மேஸ்திரி பத்து தடவை சொல்லியிருந்தான். அவள் நடந்த ரோட்டில், மாட்டுவண்டிகளுக்குப் பின்னால், ஊர்ந்து ஊர்ந்து போனேன். எவ்வளவு தூரம் அவளை நடக்கவிட்டேன் என்று அந்த வேகத்தில் போனால்தான் தெரிகிறது.

அவள் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கை வெயிலில் பரத்திக்கொண்டிருந்தாள். மாமியார் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டேங்க், முடிச்சு, அப்பாவின் தலை, எதையும் விடவில்லை. தப்பு பண்ணிவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் கிழங்கைப் பரத்துவதை நிறுத்தவே இல்லை. முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

“மாலை எங்க?”

“அப்பா கையில. எனக்குத் தர மாட்டேங்காரு.”

அவள் கை நின்றது. பிறகு, “நான் அங்கதானே குடுத்தேன். அவருக்க கையிலேருந்தே வாங்கிக்கிடுவேன்” என்று சொல்லி உள்ளே போய் அதே தகரப் பெட்டியோடு வந்தாள்.

நான் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன்.

“அதுல நான் ஏற மாட்டேன். பஸ்சில வாறேன்.”

களியக்காவிளை தாண்டியதும் அவள் பஸ் என்னை முந்திக்கொண்டு போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை. நான் இருபதிலேயே உருட்டிக்கொண்டு போனேன்.

நான் வீடு சேரும்போது கட்டிலருகே அவள் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். மாலை கழுத்தில் கிடந்தது. ஜாக்கெட்டில் கறுப்பாக ஆயில் கறை. அப்பாவின் இடது கை போர்வை மேல் விரிந்து கிடந்தது. பிறகு மெல்ல, “அப்பா எப்படித் தந்தாரு?” என்றேன்.

“கேட்டேன், தந்தாரு” என்றாள்.

அதன்பின் எல்லை பிரிந்தது. அவள் ஊர் தமிழ்ப் பக்கமும் எங்கள் ஊர் மலையாளப் பக்கமும் ஆயின. அவளும் நானும் நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தோம். அந்த வண்டி இன்னும் பதினைந்து வருடம் பிடிக்காமல் ஓடியது. ஒரு நாளும் அவள் அதில் ஏறவில்லை. கோயிலுக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும் பஸ்சில் வருவாள். நான் முன்னால் போய்ச் சேர்ந்து, அவள் இறங்கும்வரை ஸ்டாப்பில் காத்து நிற்பேன்.